சர்வே எண் 214/3பி-யில் நியூட்ரினோ நடமாட்டம்

உத்தமபாளையத்தில் விண்வழிப் பாதைகள் வட்ட அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. வழியும் பாதையும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள், பெயர்ப்பலகை எழுதி மாட்டியாகிவிட்டது. அதன் வாசலில், நகல் எடுக்கும் கடையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தாலுகாவுக்கும் கோர்ட்டுக்கும் மனு எழுதிப் பிழைப்பவன் நான். எனக்கே அந்த அலுவலகம் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒன்றரை வருஷம் ஆனது.

மருந்தடிக்கும் ட்ரோன்கள் தோட்டம் தோட்டமாகப் பறக்கப் போகின்றன, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அவற்றுக்கு ஆகாயத்தில் பாதை வகுக்க வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. உடனே கட்டடம், ஜீப், முத்திரை, அலுவலர், உதவியாளர் எல்லாம் வந்து இறங்கின. அப்போது கம்பம் பள்ளத்தாக்கில் மொத்தம் இரண்டு ட்ரோன்கள் இருந்தன. ஒன்று கல்யாணத்தில் படம் எடுக்கும். மற்றது சின்னமனூர்ப் பக்கம் ஒரு தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டு, இறக்க ஆள் கிடைக்காமல் இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு கோப்புகூட வரவில்லை. அலுவலர் தங்கப்பாண்டியன் காலை பத்து மணிக்கு வருவார், மேசையைத் துடைக்கச் சொல்வார். மாலை ஐந்தே முக்காலுக்கு மறுபடி துடைக்கச் சொல்லிவிட்டுப் போவார். கை சுத்தமானவர் என்று பெயர். அழுக்காக்கிக்கொள்ள அவருக்கு வாய்ப்பே வரவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

கோப்பு இல்லாத அலுவலகங்களை மார்ச் மாதத்தோடு மூடிவிடலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கு அடுத்த வாரம் கயலின் விண்ணப்பம் வந்தது.

கயல் மதுரைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்க்கிற பெண். வானத்திலிருந்து வரும் காமா கதிர்களைப் பற்றி ஆராய்கிறவள். அதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது வெளிச்சம் புகாத ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குள் போட ஒரு கருவி, இரண்டையும் வைக்க மூன்று சென்ட் இடம். கோம்பை ரோட்டில் ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை வைத்திருக்கும் சுருளியாண்டி அண்ணன், "தண்ணித் தொட்டிதான தாயி? மோட்டார் ரூமுக்கு அங்கிட்டு வச்சுக்க" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். வானத்தைப் பார்க்கிற எந்தச் சாமானுக்கும் இந்த அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல பிள்ளை, எழுதிப் போட்டுவிட்டாள்.

எழுதியவள் சுருக்கமாக எழுதியிருக்கலாம். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்டக்கதிர்கள் என்றால் என்ன, அவற்றிலிருந்து காமா கதிர்களும் நியூட்ரினோக்களும் எப்படிப் பிறக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு வரி சேர்த்திருந்தாள்: "நியூட்ரினோக்கள் மேற்படி நிலத்தின் வழியாகத் தொன்றுதொட்டு, இரவு பகல் பாராமல், யாருடைய அனுமதியும் இன்றி, எவ்விதத் தடையும் இன்றிச் சென்றுகொண்டிருக்கின்றன."

எங்கள் ஊர்ப் பக்கம் தெரியாதவர்களுக்கு இது அறிவியல். தெரிந்தவர்களுக்கு இது வழிப்பாத்திய வழக்கு. ஒருத்தர் தோட்டத்து வரப்பில் இன்னொருத்தர் இருபது வருஷம் தொன்றுதொட்டு, தடையின்றி, அனுமதி கேட்காமல் நடந்துவிட்டால் அது அவருக்கு வழி. அப்புறம் வேலி போட முடியாது. கூடப் பிறந்தவர்கள் கோர்ட்டில் நிற்பதும், சம்பந்தி வீட்டோடு பேச்சு நின்றுபோவதும் இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் ஒரு மூன்றடி வழிக்காகத்தான். நான் எழுதிய மனுக்களில் பாதி அந்த ரகம். உதவியாளர் சொர்ணலதாவும் இந்தப் பக்கத்துப் பெண். உறையைப் பிரித்தாள், அந்த வரியைப் படித்தாள், அட்டையின் மேல் 'வழிப்பாத்தியம், கோப்பு எண் ஒன்று' என்று எழுதினாள். அவளுக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. அந்த வரியை மட்டும் காட்டினால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதற்கு நாலு நாள் கழித்துச் சுருளியாண்டி அண்ணன் ஒரு தாளோடு வந்து என் நாற்காலிக்கு முன்னால் நின்றார். திராட்சைப் பந்தலின் கல்தூணில் ஒட்டியிருந்ததைக் கிழித்து எடுத்து வந்திருந்தார். தாளின் பின்பக்கம் பசை காயவில்லை.

"மாரிசெல்வம், இதச் சத்தமாப் படி. எவனோ நியூட்ரினோவாம். என் தோட்டத்து வழியாப் போறானாம், நான் மறிச்சேனாம். சுருளி வேலப்பர் மேல சத்தியமா எனக்கு அந்த ஆளைத் தெரியாதுய்யா."

படித்தேன். சர்வே எண் 214/3பி-யில் நியூட்ரினோக்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்தி வரும் பாதையை உரிமையாளர் ஆக்கிரமித்துள்ளார். பாதையின் அகலம்: நிலத்தின் நான்கு எல்லைகளும். உயரம்: வானம் வரை. ஆழம்: பூமியின் மறுபக்கம் வரை. ஆக்கிரமிப்பு விவரம்: கல்தூண்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு, கம்பிகள், திராட்சைக் கொடிகள், மோட்டார் அறை, மற்றும் வழிப்போக்கர்களைக் கண்டால் குரைக்கும் கோம்பை நாய் ஒன்று. இவற்றைப் பதினைந்து நாட்களுக்குள் உரிமையாளர் தம் சொந்தப் பொறுப்பில் அகற்ற வேண்டும். தவறினால் ஜேசிபி கொண்டு அகற்றப்படும்.

அதோடு இரண்டாவது தாள் ஒன்றும் இருந்தது. விசாரணை முடியும் வரை நிலம் உள்ளபடியே இருக்க வேண்டும் என்றும், உரிமையாளர் நிலத்துக்குள் நுழைந்து எதையும் அகற்றக் கூடாது என்றும் அதில் கண்டிருந்தது. இரண்டு தாளிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து.

"அகத்தணும், ஆனா அகத்தக் கூடாது. அப்படித்தான?" என்றார் அண்ணன்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"பழம் நெறம் மாறிருச்சுய்யா. இன்னைக்குச் சரியாப் பதினஞ்சாம் நாள் பறிப்பு. கம்பத்து ஏவாரி லாரி அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. ஒரு நாள் தள்ளுனாப் போச்சு, ஒரு மழை பேஞ்சாப் பழம் பூராம் வெடிச்சுரும். இந்த ஒரு வெள்ளாமையத்தான் நம்பியிருக்கு எங்க வீடு."

அவர் வீட்டில் அவரும் அவர் மனைவி முனீஸ்வரி அக்காவும்தான். இரண்டு பேரும் நாலு மாதம் கொடியோடு கொடியாக நின்றிருக்கிறார்கள். அன்றைக்கே முதல் மனுவை எழுதினேன்.

விசாரணைக்குக் கயலையும் வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேரும் உள்ளே போனோம். தங்கப்பாண்டியன் புதுச் சட்டை போட்டிருந்தார். மேசையில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதை அவர் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, நியூட்ரினோவுக்கும் உங்களுக்கும் என்ன பகை?"

"பகையெல்லாம் இல்லைங்கய்யா. நான் அவுகளைப் பாத்ததே இல்ல."

"பாக்காமலே மறிச்சிருக்கீங்க. இது இன்னும் மோசம்."

கயல் குறுக்கிட்டாள். "சார், நியூட்ரினோவை யாராலயும் மறிக்க முடியாது சார். பூமியையே துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். அதுக்கு இந்தக் கல்தூண் இருக்கிறதே தெரியாது."

"மறிக்க முடியாதது அவங்க திறமைம்மா. மறிச்சுக் கல்லு நட்டது இவர் குற்றம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"அது உங்க மேசை வழியாவும் போகுது சார். உங்க வழியாவும் போகுது. இப்பக்கூட, கட்டைவிரல் நகத்தளவு இடத்துல, வினாடிக்கு ஆறாயிரத்து ஐநூறு கோடி. சூரியன்ல இருந்து வர்றது மட்டும்."

தங்கப்பாண்டியன் தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போகட்டும். ஆனா இது அரசு மேசை. அரசு இடத்துல வழிப்பாத்தியம் கேக்கணும்னா முப்பது வருஷம் போயிருக்கணும். இந்தக் கட்டடம் கட்டி மூணு வருஷம்தான் ஆச்சு. மீதி இருபத்தேழு வருஷம் கழிச்சு வரச் சொல்லுங்க, பாப்போம்."

பிறகு, பாத்தியம் கோருபவர் யார், எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். கயல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இவ்வளவு அக்கறையாக யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"எங்கயோ ஒரு நட்சத்திரம் வெடிக்குது சார். அங்கிருந்து துகள்கள் பயங்கர வேகத்துல கிளம்புது. அதுதான் அண்டக்கதிர். ஆனா வர்ற வழியில காந்தப்புலம் அதை இங்கிட்டும் அங்கிட்டும் வளைச்சு விட்டுரும். இங்க வந்து சேரும்போது எங்கிருந்து கிளம்புச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது."

"இருப்பிடச் சான்று இல்லாதவர்" என்று எழுதிக்கொண்டார்.

"ஆனா கிளம்புற இடத்துலயே சில துகள் பக்கத்து வாயு மேல மோதும். அப்படி மோதுனா காமா கதிரும் நியூட்ரினோவும் பிறக்கும். அது ரெண்டும் வளையாம நேரா வரும். அதைப் பிடிச்சா அண்டக்கதிரோட பிறந்த இடம் தெரிஞ்சிரும் சார்!"

"அப்ப அண்டக்கதிர் தகப்பன். மோதி இறந்துட்டார். விபத்தா, இயற்கை மரணமா?"

"இறக்கிறதுன்னு இல்ல சார், அதோட சக்தி..."

"மோதல்னா விபத்து. வாரிசுகள் ரெண்டு பேர். காமா மூத்தவர், நியூட்ரினோ இளையவர். இளையவருக்கு மட்டும் வழி கொடுக்கணும்னா மூத்தவர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். அவர் எங்க?"

கயலின் உற்சாகம் இறங்கிவிட்டது. "காமாவெல்லாம் நம்ம காத்துலயே மோதித் துகளாச் சிதறிரும் சார். அந்தச் சிதறல் தண்ணியில பட்டா லேசா வெளிச்சம் வரும். அதைப் பிடிக்கத்தான் தொட்டி கேட்டேன்."

"அப்ப மூத்தவர் கடிதம் தொட்டி வழியாத்தான் வரும். கடிதம் வந்தாத்தான் வழக்கு முடியும். வழக்கு முடிஞ்சாத்தான் தொட்டிக்கு அனுமதி." அவர் பேனாவை மூடி வைத்தார். முகத்தில் மார்ச் மாதத்தைத் தாண்டிவிட்ட நிம்மதி தெரிந்தது. "நல்ல கோப்பும்மா இது. ரொம்ப நல்ல கோப்பு."

வெளியே வந்ததும் சுருளியாண்டி அண்ணன் கயலைப் பார்த்து, "தாயி, அந்த நட்சத்திரம் ஏன் வெடிச்சுச்சு?" என்று கேட்டார். அவள் விண்ணப்பத்தின் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

நோட்டீஸ் ஒட்டிய ஆறாம் நாள் சொர்ணலதா அளவுச் சங்கிலியோடு தோட்டத்துக்கு வந்தாள். அண்ணன் உள்ளே நுழையக் கூடாது என்பதால் ரோட்டோரம் நின்றார். நானும் அவரோடு நின்றேன். முனீஸ்வரி அக்கா பெயர் பட்டாவில் இல்லை, அதனால் அவருக்குத் தடை இல்லை. அவர் சொர்ணலதாவின் பின்னாலேயே நடந்தார்.

படிவத்தில் 'பாதையைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை, நேரில் கண்டது' என்று ஒரு கட்டம் இருந்தது. சொர்ணலதா பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எண்ணினாள். ஒரு மைனா போனது. அதைச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டாள். கடைசியில் சுழியம் என்று எழுதினாள். அடுத்த கட்டம் 'கேள்விப்பட்டது'. அதில் ஆறாயிரத்து ஐநூறு கோடி என்று எழுதப் பார்த்தாள். நாலு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது என்று எழுதிவிட்டு எழுந்தாள்.

"ஏம்மா, ஒருத்தரும் போகலேன்னு உன் கண்ணாலயே பாத்தேல்ல? பெறகு என்னத்துக்கு எழுதுற?" என்று கேட்டார் முனீஸ்வரி அக்கா.

"போறவுகளைப் பாத்திருந்தா அறிக்கையே வேணாங்கா. பாக்காததுனாலதான் அறிக்கை." அவளும் பாவம், வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு பஸ் ஏறி ஆபீசுக்கு வருகிறவள். "நான் என்னக்கா செய்யுறது? ஆபீசர் மேல கோபப்படுங்க, என் மேல படாதீக."

கெடுவை மூன்றே நாள் தள்ளி வையுங்கள் என்று நான் ஒரு மனு எழுதினேன். பதில் உடனே வந்தது. தள்ளி வைக்கலாம், ஆனால் பாதையைப் பயன்படுத்துவோருக்கு அதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். அவர்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம். அறிவிப்பை வானம் பார்க்க ஒட்டும்படி உத்தரவு. ஒட்டினார்கள். கெடு முடிகிற நாளுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் இந்த அவகாசம் முடியும். அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் பேனாவின் முள் ஒடிந்துவிட்டது. இருபது வருஷமாக மனு எழுதுகிறேன், இப்படி ஒரு பதிலுக்கு எதிர் மனு எழுத எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். 'அண்டக்கதிரின் வாரிசுகளே வருக' என்று பிளெக்ஸ் கட்டியிருந்தது. காலமான அண்டக்கதிருக்கு ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் காத்தோம். முன்வரிசையில் பத்து நாற்காலிகளைக் காலியாக விட்டு 'பயனாளிகள்' என்று அட்டை வைத்திருந்தார்கள். தங்கப்பாண்டியன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, கடந்த மூன்று ஆண்டுகளாக இந்த அலுவலகத்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் ஏற்பட்டதில்லை. அந்தக் களங்கத்தை இன்று துடைத்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற மக்களுக்கு எத்தனையோ அலுவலகங்கள் உள்ளன. அங்கே போய்ப் பாருங்கள், எவ்வளவு கூட்டம், எவ்வளவு சத்தம். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? நியூட்ரினோக்கள் வரிசையில் நிற்பதில்லை. மனு எழுதுவதில்லை. கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று மறுநாள் வந்து நிற்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டுவதில்லை. ஓர் அலுவலருக்கு இதைவிட நல்ல பொதுமக்கள் கிடைப்பார்களா? அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொடுக்க மாட்டேன் என்கிறார் இந்தப் பெரியவர். இவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இவர் கண்ணுக்குத் தெரிகிறவர். தெரிகிறவர்களால் இப்படித்தான் கஷ்டம்."

கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் வடையும் டீயும் கொடுத்தார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னாலும் பத்து டம்ளர் டீ வைத்தார்கள். அது ஆறிப்போய் ஆடை கட்டியது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் முனீஸ்வரி அக்கா திடீரென்று நின்றார். "ஏங்க, பாதைன்னா யாரு வேணாலும் போகலாமுல்ல?"

"அதான சொல்லுறாக" என்றார் அண்ணன்.

"நீங்கதான உள்ள போகக் கூடாது. பாதையில பொதுசனம் போனா யாரு கேக்கப் போறா? போற வழியில தலையில என்னமோ இடிச்சா ஒதுக்கிட்டுத்தான போவாக?"

நான் அவரைப் பார்த்தேன். இந்த யோசனை மனு எழுதுகிற எனக்கு வந்திருக்க வேண்டும்.

பதினைந்தாம் நாள் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். கோம்பையிலிருந்தும் பண்ணைப்புரத்திலிருந்தும் சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்கள் என்று எல்லோரும். பேச்சு நின்றுபோன பங்காளி வீடு இரண்டும் வந்திருந்தது, அண்ணன் ரோட்டிலிருந்தே அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். ஒவ்வொருத்தர் இடுப்பிலும் கத்தரிக்கோல், கையில் பிளாஸ்டிக் பெட்டி. கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறினார்கள். மறுபடி சுற்றி வந்து கிழக்கே நுழைந்தார்கள். தலையில் இடித்த குலையையெல்லாம் வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனார்கள்.

ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. உள்ளே போக முடியவில்லை, பாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இறங்கி நின்று ஒரு குலையை வாங்கித் தின்ன ஆரம்பித்தார். தங்கப்பாண்டியன் ஜீப்பில் வந்து இறங்கினார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. சொர்ணலதாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு மேற்கு முனையில் போய் நின்று, வெளியே வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினாள். எங்கள் ஆட்களும் சந்தோஷமாகப் போட்டார்கள். பொதுசனம் பாதையில் போனதற்குச் சாட்சி இருக்கட்டும் என்று நானே நாலு பேரைத் தள்ளிவிட்டேன். என் புத்தி அப்படி இருந்தது.

பன்னிரண்டரைக்கு லாரி நிறைந்தது. கடைசிப் பெட்டியை ஏற்றியதும் முனீஸ்வரி அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லாரி கம்பத்தைப் பார்க்கக் கிளம்பியது. அத்தனை பேரும் கை காட்டினோம்.

அப்போதுதான் தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டு உத்தரவைப் படித்தார்.

"நியூட்ரினோக்கள் மேற்படி நிலத்தைப் பாதையாகப் பயன்படுத்தியதை நேரில் கண்ட சாட்சி யாரும் இல்லாததாலும், மூத்த வாரிசின் கடிதம் வராததாலும், அவர்களது கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது."

ஜனங்கள் 'ஓ' என்று கத்தினார்கள். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"எனினும்," என்று தொடர்ந்தார் அலுவலர், "இன்று காலை ஏழு மணி முதல் பன்னிரண்டரை வரை இருநூற்று எட்டு பொதுமக்கள், உரிமையாளர் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவரது ஆட்சேபணை ஏதுமின்றி, மேற்படி நிலத்தைப் பாதையாகப் பயன்படுத்தியது கையெழுத்து மூலம் நிரூபணம் ஆகியுள்ளது. ஆகவே சர்வே எண் 214/3பி முழுவதும் பொதுப் பாதை என்று இதனால் அறிவிக்கப்படுகிறது."

கையெழுத்துப் போட்டவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பங்காளி ஒருத்தர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. முனீஸ்வரி அக்கா எழுந்து, "என் வாயாலயே கெடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப நாங்க எங்கிட்டுய்யா போறது?" என்று அக்காவே அலுவலரைக் கேட்டார்.

"பாதையில தாராளமாப் போகலாம்மா. ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க" என்றார் அவர். மனசாரத்தான் சொன்னார்.

ஜேசிபி ஓட்டுநர் விதையைத் துப்பிவிட்டு வண்டியில் ஏறினார். அதற்குள் சுருளியாண்டி அண்ணன் என் கையை விட்டுவிட்டு நடந்தார். கிழக்கு வரப்பில் ஏறிப் பந்தலுக்குள் நுழைந்தார்.

"பெரியவரே, உரிமையாளர் உள்ள நுழையக் கூடாது!"

"உரிமையாளரா? இப்பத்தான எனக்கில்லைன்னு படிச்சீக. நானும் பொதுசனம்தான். போய்க்கிட்டிருக்கேன்."

"போறதுன்னா போங்க. நிக்கக் கூடாது."

"நிக்கலையே." அண்ணன் வலது காலை எடுத்து ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். இடது காலை எடுத்தார். "எனக்கு முட்டிவலி. மெதுவாத்தான் வருவேன். பாதையில ஆள் போகையில ஜேசிபி வரக் கூடாதுல்ல?"

தங்கப்பாண்டியன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பாதையில் நிற்கக் கூடாது என்று இருந்தது. எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவர் கயலைத் தேடிப் பிடித்தார். அவளும் காலையிலிருந்து ஒரு பெட்டியோடு சுற்றிக்கொண்டிருந்தவள்தான்.

"ஏம்மா, நியூட்ரினோ என்ன வேகத்துல போகும்?"

"கிட்டத்தட்ட வெளிச்சத்தோட வேகம் சார்."

"அதைவிட மெதுவாப் போகக் கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?"

கயல் பந்தலுக்குள் தனியாக நின்றுகொண்டிருந்த, இல்லை, போய்க்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். "இல்ல சார். எடைன்னு ஒண்ணு இருக்கிற எதுவும் எவ்வளவு மெதுவா வேணும்னாலும் போகலாம். இதுல எங்க துறைக்காரங்க எல்லாருக்கும் ஒரே கருத்து."

அது அப்படியே கோப்பில் நிபுணர் கருத்தாகப் பதிவானது. ஜேசிபி திரும்பிப் போனது. கயலின் தொட்டிக்குப் பொதுப் பாதையில் இடையூறு என்று அனுமதி கிடைக்கவில்லை. அவள் மதுரைக்கு பஸ் ஏறும்போது அண்ணன் காதில் விழுகிற தூரத்தில் நின்று, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. வெளிச்சம் வந்ததும் அண்ணன் கிழக்கே நுழைகிறார். சாயங்காலம் அலுவலகம் மூடிய பிறகு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேற்கே வெளியே வருகிறார். முதல் சில வாரம் போகிற வழியில் நீட்டிக்கொண்டிருந்த கொடிகளை வெட்டிக்கொண்டே போனார், அது பாதையில் போகிறவர்கள் செய்யலாம். அறுப்பு முடிந்த கொடி மறுபடி காய்க்க அப்படி வெட்டிவிடுவதுதான் கவாத்து என்பது ஊருக்கே தெரியும். ஆக்கிரமிப்பு அகற்றும் பணி கொடி கொடியாக நடைபெற்று வருவதாகத் தங்கப்பாண்டியன் மாதா மாதம் மேலே எழுதுகிறார். அலுவலகம் மூடப்படவில்லை. இன்னொரு உதவியாளர் பணியிடம் கேட்டிருப்பதாகக் கேள்வி.

போன வாரம் நானும் போயிருந்தேன். மதியம் முனீஸ்வரி அக்கா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். அண்ணன் நடந்துகொண்டே சாப்பிட்டார், அக்கா கூடவே நடந்து குழம்பு ஊற்றினார். ரோட்டில் சொர்ணலதா படிவத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி நன்றாகத் துளிர்த்திருக்கிறது. அண்ணனுக்கு இரண்டு முட்டியும் வீங்கியிருக்கிறது. நாற்பது வருஷம் பாடுபட்ட நிலத்தில் அவர் ஒரு நிமிஷம் உட்கார முடியாது.